பெயிண்ட் அடிக்காத இடம்

போன வாரம் எங்கள் சொசைட்டியில் கரண்ட் போனது. கோபர்கைரனேயில் கரண்ட் போவது அதிசயமில்லை. போனால் அரை நிமிடத்தில் கீழே ஜெனரேட்டர் உறுமும், லிஃப்ட் மறுபடி நகரும். அன்றைக்கு உறுமவில்லை. வாட்ச்மேன் சாவியைத் திருப்பத் திருப்ப ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் ஒரு குடும்பம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு போனில் மெக்கானிக்கைத் தேடினார்கள். அவர் தானேயிலிருந்து வரவேண்டுமாம்.

வேடிக்கை பார்க்கத்தான் படியிறங்கிப் போனேன். ஜெனரேட்டர் அறைக்குள் தலையை நீட்டியதும் புது எனாமல் பெயிண்ட் வாசனை அடித்தது. தசராவுக்காக இரண்டு நாள் முன்னால் யாரோ அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்து, சாமந்தி மாலை சாத்தி, குங்குமம் வைத்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறிய நிமிடம் என் உள்ளங்கை சில்லிட்டுப் போனது. அறுபத்திரண்டு வயதில் ஒரு பெயிண்ட் வாசனைக்குப் பயப்படுகிற ஆள் நவி மும்பை முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வாட்ச்மேனிடம் ஒரு ஸ்பானரை வாங்கிக்கொண்டு, பாட்டரியிலிருந்து வருகிற தடித்த ஒயர் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றினேன். நினைத்தபடியே அடியில் பளபளவென்று பச்சை. அதை ஸ்பானராலேயே சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு மறுபடி முடுக்கினேன். ஜெனரேட்டர் கிளம்பியது, லிஃப்ட் இறங்கியது, உள்ளே இருந்த குழந்தை அழுதுகொண்டே வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் மகன் ஆச்சரியமாகக் கேட்டான்: “அப்பா, ஆப்கோ கைசே பதா சலா?”

பழைய பழக்கம் என்று சொல்லி மேலே வந்துவிட்டேன். எப்படித் தெரியும் என்பதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

நான் பயந்தவன். இதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். கிணற்றை எட்டிப் பார்த்தால் எனக்கு முட்டி இரண்டும் தந்தியடிக்கும். அப்படிப்பட்டவனுக்குக் கிணறு ஆழப்படுத்துகிற கோஷ்டியில் எப்படி வேலை கிடைத்தது என்றால், என் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு அத்தானுக்கு வேறு வழியில்லை. ஊரில் பத்தாவது வரை படித்துவிட்டு, அங்கே இங்கே நின்று பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் தாராவியில் அவர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் நான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் அக்கா, அத்தான், இரண்டு குழந்தைகள், அப்புறம் நான். அக்காதான் சிபாரிசு செய்தாள். அத்தானின் அண்ணன்மார் முகத்தைச் சுளித்தார்கள். வண்டியை நம்பி இவனிடம் விடலாமா என்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள்.

வண்டி என்று சொன்னது ஒரு பழைய டிராக்டர். தாராவியில் டிராக்டரா என்று கேட்பீர்கள். உழுவதற்கு அங்கே ஒரு தொட்டி மண்கூட இல்லைதான். நாசிக் பக்கத்தில் எங்கோ கரும்புக் கொல்லையில் உழைத்துக் களைத்த வண்டி அது. யாரோ வாங்கி, பின்பக்கம் ஒரு கம்ப்ரசரை ஏற்றி, பட்டணத்து வேலைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். டிராக்டர் எஞ்சின் சுற்றினால் கம்ப்ரசர் காற்றை அழுத்தும். நீளக் குழாய் வழியாக அந்தக் காற்று போகும். குழாயின் முனையில் பிரேக்கரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பாறையை உடைப்பார். உடைக்கிறவர் அத்தான். மேலே வண்டியோடு நிற்கிறவன் நான்.

கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் அந்தக் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரேக்கரிலிருந்து வெளியேறுகிற காற்றைத்தான் கீழே இருப்பவர் மூச்சாக இழுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு, வண்டியின் பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, பழைய ஹெட்லைட் இரண்டைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிடுவோம். அந்த வெளிச்சம் வெள்ளையாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். மஞ்சளானால் பாட்டரி இறங்குகிறது.

பாட்டரியை நிரப்புவது டைனமோ. நிரப்புகிறதா இல்லையா என்பதைச் சொல்ல ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டர் உண்டு. முள் வலப்பக்கம் சாய்ந்தால் நிரம்புகிறது, இடப்பக்கம் சாய்ந்தால் கரைகிறது. இந்தப் பழைய டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம், கேளுங்கள். கிளப்புவதற்குத்தான் அதற்குப் பாட்டரி தேவை. கிளம்பிவிட்டால் பாட்டரி செத்தே போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால்தான் வண்டவாளம் தெரியும்.

அத்தான் பேச்சு குறைவான மனிதர். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் தமிழ்ப் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவுக்கு நடந்தே போய், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வருவார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று வயதில் பெரியம்மாவோடு பம்பாய் வந்தவள், பள்ளிக்கூடப் பக்கம் போனதே இல்லை. அவள் வெங்காயம் உரிக்க, அவர் தலைப்புச் செய்தியிலிருந்து வரன் தேடும் விளம்பரம் வரை சத்தமாக வாசிப்பார். நான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பேன். கிணற்றிலோ சாக்கடையிலோ இறங்கி ஆள் செத்த செய்தி வந்தால் கண்ணால் படித்துவிட்டு வாயால் தாண்டிவிடுவார். அடுத்தது தக்காளி விலை. அவர் தாண்டியது எனக்கு மட்டும் தெரியும். நானும் ஒன்றும் தெரியாதவன் போலத் தக்காளி விலைக்கு அங்கலாய்ப்பேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வண்டியைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று நான் கிளம்பினேன். சும்மா நின்றே சம்பளம் வாங்குகிறான் என்ற பேச்சை எப்படியாவது அழிக்க வேண்டும். மேலாக ஒரு கை அடித்தால் போதும், எதையும் கழற்றாதே என்று அத்தான் சொல்லியிருந்தார். எனக்கு அது போதவில்லை. நான்கு நாளைக்குக் கம்ப்ரசருக்கு வேலை இல்லை. மட்கார்டு, பானெட், விளக்குச் சட்டம் எல்லாவற்றையும் கழற்றினேன். டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி உண்டு, கட்டவுட்டு என்போம். சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கிற கட்டவுட்டு இல்லை. டைனமோவிலிருந்து எப்போது எவ்வளவு பாட்டரிக்குள் விடலாம் என்று பார்த்துத் திறந்து மூடுகிற பெட்டி. அதையும் கழற்றினேன். அது உட்கார்ந்திருந்த தகடு துருப்பிடித்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீல பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். பெட்டியின் முதுகுக்கும் ஒரு கோட். காய்ந்த பிறகு பூப்போல எடுத்து மாட்டி, இரண்டு திருகையும் முடுக்கினேன். ஒரு கீறல் விழவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கே ஒரே பெருமை.

பூஜையன்று அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பொரிகடலை, வாழைக்கன்று, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், திருஷ்டிக்குப் பூசணிக்காய். சந்து முழுக்கக் கூடிவிட்டது. அத்தானின் பெரிய அண்ணன்கூட வண்டியைச் சுற்றி வந்து, பரவாயில்லையே என்று சொன்னார். எனக்கு அந்த ஒரு வார்த்தை பத்து நாளைக்குப் போதும்.

பத்து நாள் கிடைக்கவில்லை. மறுநாளே முள் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

முதலில் நான் அதை நம்பவில்லை. மீட்டர் கண்ணாடியைத் தட்டினேன். முள் நடுங்கி வலப்பக்கம் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்ததும் மறுபடி இடப்பக்கம். வண்டி அதிர்ந்தால் போகும், நின்றால் வரும். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கோளாறுதான் கோளாறுகளில் ரொம்ப மோசமானது. ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தால் அத்தானிடம் சொல்லியிருப்பேன். நடுநடுவே பிழைத்துக்கொண்டதால் நானே சரிபண்ணிவிடலாம் என்ற ஆசை விடவில்லை. அதைவிட உண்மை, எனக்குப் பயம். எதையும் கழற்றாதே என்று சொன்னவரிடம் கழற்றிய கதையை எப்படிச் சொல்ல?

பெல்ட்டை இறுக்கினேன், பிறகு பெல்ட்டையே மாற்றினேன். டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் என்று அதையும் மாற்றினேன். சயான் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியன், அலகாபாத்துக்காரர். டைனமோவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் பெஞ்சில் வைத்துச் சுற்றி, சின்ன பல்பை எரியவிட்டுக் காட்டினார். “ஏக்தம் பராபர் ஹை”, ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியென்றால் கட்டவுட்டுதான் என்று முடிவுகட்டி, குர்லாவில் பழைய சாமான் சந்தையில் இன்னொரு பெட்டி தேடிப்பிடித்து வந்து, அதே தகட்டில், அதே இரண்டு திருகைப் போட்டு முடுக்கினேன். அதே கதை. ஒன்றை மாற்றிவிட்டால் அந்தப் பக்கம் இனிக் கோளாறு இல்லை என்று நினைப்பதுதான் என்னைப் போன்ற அரைகுறைகளின் வழக்கம். பெட்டியைத்தான் மாற்றினேன். பெட்டி உட்கார்ந்த இடத்தை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எவ்வளவு அழகாக அடித்திருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

இதற்கிடையில் செம்பூரில் வேலை வந்துவிட்டது. நான்கு மாடி, பதினாறு வீடு, முக்கால்வாசி பாலக்காட்டுக் குடும்பங்கள். தண்ணீர் கஷ்டம் தாங்காமல் காம்பவுண்டுக்குள் இருந்த பழைய கிணற்றை ஆழப்படுத்தச் சொன்னார்கள். ஏற்கெனவே முப்பத்தைந்து அடி. அதற்குக் கீழே பாறை. காலையில் அத்தான் வருவதற்கு முன்பே நான் எழுந்து போய், சரிவில் நிறுத்தி வைத்த வண்டியை உருட்டிக் கிளப்பிவிடுவேன். ஒன்றுவிட்டு ஒருநாள் சாயங்காலம் பாட்டரியைக் கழற்றி ஒரு கடையில் சார்ஜுக்குப் போடுவேன். அத்தான் கேட்டால், பாட்டரிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று பொய் சொல்வேன். தூக்குவாளியைக் கையில் கொடுக்கும்போது அக்கா தினமும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: “அவுகள பாத்துக்கோல.” நான் வாளியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

அந்தச் சொசைட்டி செக்ரட்டரி ஒரு பாலக்காட்டு மாமா. சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வண்டியைச் சுற்றி வருவார். இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தக் குமிழை இழுத்தால் எஞ்சின் நிற்கும் என்று நானே அவருக்குக் காட்டிக்கொடுத்திருந்தேன். அவருடைய மகன் துபாயில் இருந்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போன் பண்ணுவான் என்பதையும் மூன்று நாளில் நான்கு முறை சொல்லிவிட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமைதான். தண்ணீர் அவசரம் என்று லீவு இல்லாமல் வேலை நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் இறங்கினார். கிணற்றின் மேல் இரும்பு முக்காலி, அதில் கப்பி, பக்கத்தில் இரண்டு பேர் சுற்றுகிற கைராட்டினம். பலகை ஒன்றில் உட்கார்ந்தபடியேதான் ஏறுவதும் இறங்குவதும். ராட்டினம் சுற்றும் ஆட்கள் இரண்டு பேரும், கல் அள்ள இன்னும் நேரமிருக்கிறது என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் வண்டிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றேன்.

முந்தின நாள் பாட்டரியைச் சார்ஜுக்குப் போட வேண்டிய முறை. மறந்துவிடவில்லை. கடை அடைத்திருந்தது. ஒரு நாள் தாங்கும் என்று நினைத்தேன்.

மூன்று மணி இருக்கும். கிணற்றுக்குள் வெளிச்சம் மஞ்சளடித்தது. மீட்டரைப் பார்த்தேன். முள் இடப்பக்கம் படுத்துவிட்டிருந்தது. வெளியே வாருங்கள் அத்தான், இன்றைக்கு இது போதும் என்று சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். இவ்வளவு நாள் கழித்து, அந்த நிமிடத்தில். கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கீழே கலங்கின மஞ்சளில் ஒரு துண்டுத் தலைப்பாகை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிரேக்கர் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

திடீரென்று எனக்கு நன்றாகக் கேட்டது. என் குரல் கிணற்றுக்குள் போய் முட்டித் திரும்பி வந்தது.

எஞ்சின் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். செக்ரட்டரி மாமா குமிழைப் பிடித்தபடி, ஏதோ உபகாரம் செய்தவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார். “அஞ்சே நிமிஷம்ப்பா. பையன் போன் பண்ணினான், ஒண்ணும் கேக்கலை. திரும்பப் பண்றேன்னு வெச்சுட்டானாம், கேட்டியா?”

அவர்மேல் தப்பில்லை. இதை அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் வாயைத் திறக்கவில்லை.

ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். ‘டக்.’ மறுபடி ‘டக்.’ கிணற்றுக்கு ஓடிவந்தேன். நான் சாவியைத் திருப்பிய திருப்பில், மிச்சமிருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டிருந்தது. உள்ளே கறுப்பு. காற்றுக் குழாய் தொய்ந்து தொங்கியது. “அத்தான்” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அந்தக் கிணற்றில் அடிமட்டத்துக் காற்று கெட்டது என்று முதல் நாளே அத்தான் சொல்லியிருந்தார். தீக்குச்சி கீழே போகப்போக அணைந்துவிட்டதாம். பேப்பரில் அவர் தாண்டிப்போன செய்திகளெல்லாம் வரிசையாக என் கண்முன் வந்தன. எல்லாவற்றையும் நான் படித்திருந்தேனே.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது அத்தானைப் பற்றி இல்லை. அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான். அப்படித் தோன்றியதற்காக இன்றுவரை எனக்கு வெட்கம்.

ராட்டினத்தின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. செருப்பை உதறிவிட்டு இன்னொரு கைப்பிடியைப் பிடித்தார். ஆனால் எப்படிச் சுற்றுவது? கீழே பலகையில் அவர் உட்கார்ந்தாரா இல்லையா என்று தெரியாமல் சுற்றினால் வெறும் பலகைதான் மேலே வரும். கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். கீழே இருப்பவர் தயாரானதும் இரண்டு முறை இழுப்பது எங்கள் வழக்கம். கயிறு அசையவில்லை.

மாடியில் போன் அடித்தது. அந்தக் காலத்துக் கறுப்புப் போன், தெருவுக்கே கேட்கும். பால்கனியிலிருந்து மாமி எட்டிப் பார்த்து, ராஜு லைனில் இருக்கான், வாங்கோ என்று கூப்பிட்டார். மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார்.

கயிறு ஒருமுறை இழுபட்டது. ஒன்று மட்டும் என்றால் வழக்கத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. பிறகு இரண்டாவது.

சுற்றினோம். அறுபது வயது தாண்டிய மனிதரும், உடம்பெல்லாம் உதறுகிற நானும். இரண்டு ஆள் பலம் எங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்து இல்லை. பாதி வழியில் மாமாவின் கை வழுக்கி, கைப்பிடி என் பக்கம் துள்ளியது. அதை என் நெஞ்சால் தடுத்தேன். அந்த அடி இன்றும் மழைக்காலத்தில் வலிக்கும். வாட்ச்மேன் ஓடிவந்து கைகொடுத்தான். முதலில் துண்டுத் தலைப்பாகை தெரிந்தது. பிறகு வெள்ளைத் தூசி அப்பிய முகம், அதில் இரண்டு கண்.

அத்தான் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருமினார். தண்ணீர் குடித்தார். பிரேக்கர் பிடித்துப் பிடித்துக் காது அடைத்திருந்ததால், எதிரில் நிற்கிற என்னிடம் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி பேசினார். “ஏம் மாப்ள, சாயா குடிக்கவா நிறுத்துன?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கூப்பிட்டது எதுவுமே அவர் காதில் விழவில்லை. அவர் பாட்டுக்கு இருட்டில் தடவித் தடவிப் பலகையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பதினாறு வீட்டுப் பால்கனியும் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் எழுந்து போய் வண்டிச் சாவியைத் திருப்பினார். ‘டக்.’ என்னைப் பார்த்தார். சத்தம் இப்போது இறங்கியிருந்தது. “எத்தன நாளா இப்பிடி இருக்கு?”

“பூசை முடிஞ்ச மறுநாள்லருந்து, அத்தான்.”

வாட்ச்மேன், கார் டிரைவர்கள், மாடியிலிருந்து இறங்கிவந்த நான்கைந்து பேர் என்று எல்லோரும் சேர்ந்து வண்டியைக் கேட் சரிவுக்குத் தள்ளி, உருட்டிக் கிளப்பினார்கள். எஞ்சின் ஓடியது. முள் இடப்பக்கமே கிடந்தது. அத்தான் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையைக் கட்டவுட்டுப் பெட்டியின் உடம்பிலும் இன்னொரு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துத் தொட்டார். முள் துள்ளி வலப்பக்கம் போனது. ஒயரை எடுத்தார், இடப்பக்கம் வந்தது. எஞ்சினை ஓடவிட்டபடியே இரண்டு திருகைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கினார். பின்னால் நான் அடித்த இரண்டு கோட் நீலம், இன்னும் ஒரு கீறலில்லாமல்.

அந்தப் பெட்டிக்குத் தனியாக எர்த்து ஒயர் கிடையாது. தகட்டு இரும்பில் பட்டு உட்கார்ந்திருப்பதுதான் அதற்கு எர்த்து. நடுவில் பெயிண்ட். திருகின் மரை மட்டும் எங்கோ கொஞ்சம் இரும்பைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதிர்ந்தால் அதுவும் விட்டுவிடும். அத்தான் திருப்புளியால் கட்டைவிரல் அகலத்துக்கு நீலத்தைச் சுரண்டினார். பெட்டியின் முதுகிலிருந்த துருவையும் சுரண்டினார். மாட்டி முடுக்கினார். முள் வலப்பக்கம் சாய்ந்து, அங்கேயே நின்றது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடம் என்றுதான் மாமாவும் சொன்னார்.

அடிப்பார் என்று நின்றேன். ஊருக்கு ரயிலேற்றிவிடுவார் என்று நின்றேன். அவர் திருப்புளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, “பெயிண்ட் நல்லாத்தான் அடிச்சிருக்க மாப்ள” என்றார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை. பிறகு, கிணற்றுப் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “உங்கக்காட்ட இத சொல்லாத. அவ தாங்கமாட்டா.”

அன்று சாயங்காலம் துபாய்க்காரன் மூன்றாவது முறையாகப் போன் பண்ணினானாம். மறுநாள் மாமா எங்கள் நான்கு பேருக்கும் ஃபில்டர் காபி கொண்டுவந்து கொடுத்தார். கை இரண்டிலும் கொப்புளம். அதற்குப் பிறகு அவர் வண்டிப் பக்கம் வந்தாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அத்தானே பெயிண்ட் அடித்தார். கட்டவுட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தை வெறும் இரும்பாகவே விட்டுவிட்டார். அங்கே ஒரு ஒயரும் போட்டு முடுக்கினார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. முழு வண்டியும் அடித்துவிட்டு அந்த இடத்தை மட்டும் ஏன் மொட்டையாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். “அது பொட்டு வைக்கதுக்கு” என்றார் அத்தான். அன்றிலிருந்து வருடாவருடம் அக்கா முதல் பொட்டை அந்த இடத்தில்தான் வைப்பாள். நானும் அத்தானும் கையைக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்போம்.

இப்போது அந்தக் கிணறு இல்லை. சொசைட்டியை இடித்துப் பெரிய டவராகக் கட்டிவிட்டார்கள். கிணறு இருந்த இடத்தில் கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. மாமா, மாமி என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. டிராக்டர் குர்லாவில் எடைக்குப் போனது. அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. அத்தான் போய் ஒன்பது வருடமாகிறது. நெஞ்சு முழுக்கப் பாறைத் தூசி என்று டாக்டர் சொன்னார். கடைசி நாட்களில் அவர் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் எனக்குத் தொய்ந்து தொங்கிய அந்தக் காற்றுக் குழாய்தான் ஞாபகம் வரும். அறையில் இருக்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

அக்கா டோம்பிவிலியில் மகனோடு இருக்கிறாள். ஜெனரேட்டர் கிளம்பிய அன்று அவளுக்குப் போன் பண்ணினேன். சொல்லிவிடுவது என்றுதான் பண்ணினேன்.

“அக்கா, நம்ம டிராக்டர்ல ஒரு இடம் மொட்டையா இருக்கும்லா?”

“ஆமா, நாந்தான பொட்டு வப்பேன். அதுக்கென்னல இப்ப?”

“ஒண்ணுமில்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு” என்று போனை வைத்துவிட்டேன்.

அதனால்தான் எழுதினேன். அத்தான் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை இதை அக்காவுக்குச் சத்தமாக வாசித்திருப்பார். பெயிண்ட் அடித்தது, பூஜை, பொரிகடலை எல்லாம் வாசித்துவிட்டு, கிணறு வந்ததும் தாண்டித் தக்காளி விலைக்குப் போயிருப்பார். அக்காவின் பேரன்கள் இங்கிலீஷும் ஹிந்தியும் படிப்பார்கள். என் மகனுக்குத் தமிழில் கடைப் பலகை படிப்பதற்குள் பஸ் அதைத் தாண்டிவிடும். அக்கா காதுக்குப் போய்விடுமோ என்று முப்பத்தாறு வருடம் பயந்தேன். இப்போது எல்லாவற்றையும் எழுதி அச்சுக்கும் கொடுக்கிறேன். அவளுக்கு வாசித்துக் காட்ட எங்கள் இரண்டு வீட்டிலும் என்னைத் தவிர ஆள் இல்லை.